பெரம்பலூரா, அரியலூரா என்பது கேள்வியே அல்ல

பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் காலையில் தொலைக்காட்சியின் அடிவரியில் இரண்டு மாவட்டங்களின் பெயர் மாறி மாறி ஓடுவது சில வருடங்களாக வழக்கமாகிவிட்டது. 2022-இல் பிளஸ் டூ தேர்ச்சியில் பெரம்பலூர் 97.95 சதவீதத்தோடு மாநில முதலிடம். 2023-இல் பத்தாம் வகுப்பில் அதே பெரம்பலூர், 97.67. 2024-இல் பத்தாம் வகுப்பில் பக்கத்து அரியலூர், 97.31. 2025-இல் பிளஸ் டூவில் மறுபடி அரியலூர், 98.82. எப்போது பேச்செடுத்தாலும் ‘பின்தங்கிய மாவட்டம்’ என்ற அடைமொழியோடுதான் இந்த இரண்டையும் சொல்லிப் பழகியிருக்கிறோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெரம்பலூரின் எழுத்தறிவு 74.32, அரியலூரின் எழுத்தறிவு 71.34, மாநிலச் சராசரியோ 80-க்கு மேல். அப்படிப்பட்ட மண்ணிலிருந்து பிள்ளைகள் முதலிடம் பிடித்தால் ஊர் கொண்டாடத்தான் செய்யும். கொண்டாடட்டும். அந்த மகிழ்ச்சியோடு எனக்குச் சண்டையில்லை.

என் சண்டை, அந்தப் பட்டியலை நாம் படிக்கும் விதத்தோடு. முதலிடம் வந்த மாவட்டத்தில் கல்வி நன்றாக நடக்கிறது, மூன்றாமிடத்துக்கு இறங்கினால் யாரோ அசந்துவிட்டார்கள், பதினைந்தாம் இடத்திலிருந்து ஐந்துக்கு ஏறினால் புதிதாக வந்த அதிகாரி கெட்டிக்காரர் என்பதை அமைச்சர் முதல் ஆசிரியர் ஓய்வறை வரை எல்லோரும் ஐயமில்லாமல் நம்புகிறார்கள். மீளாய்வுக் கூட்டங்கள் இந்த நம்பிக்கையின் மேல்தான் நடக்கின்றன. ‘எண் பொய் சொல்லுமா?’ என்று கேட்பவர்களும் உண்டு. சொல்லாதுதான். ஆனால் கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லியிருக்கும். நாம் வேறொரு கேள்விக்கான பதிலாக அதை எடுத்துக்கொண்டு போயிருப்போம்.

2017-இல் தமிழக அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று மாணவர் பெயர்களை அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது. ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் ஒரு பிள்ளையை மேலே தூக்கி இன்னொரு பிள்ளையைக் கீழே தள்ளுவதில் பொருளில்லை என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்தது. அதே வாதம் மாவட்டத்துக்கும் பொருந்தும் என்பதுதான் இன்னும் யாருக்கும் தோன்றவில்லை. பிள்ளைகளின் ரேங்க் போய்விட்டது, கலெக்டர்களின் ரேங்க் இருக்கிறது.

இரண்டு சராசரிகளை ஒப்பிடுவது எப்படி என்பதைப் பெரம்பலூர்க்காரர்களுக்கு வெளியிலிருந்து யாரும் வந்து கற்றுத்தர வேண்டியதில்லை. மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற ஊர். குன்னம் பக்கத்தில் ஒருவரிடம் போய், ‘இந்த விதை ஏக்கருக்கு இரண்டு மூட்டை கூடுதலாகக் கொடுக்கும்’ என்று கடைக்காரர் சொன்னால் அவர் உடனே நம்பிவிட மாட்டார். எந்தக் காட்டில் போட்டீர்கள், கரிசலா செம்மண்ணா, மழை எப்போது பெய்தது, படைப்புழு விழுந்ததா என்று கேட்பார். ஏனென்றால் ஒரே விதையை ஒரே காட்டில் மேல்கோடியிலும் கீழ்கோடியிலும் போட்டாலே மூன்று மூட்டை வித்தியாசம் வரும் என்பது அவருக்குத் தெரியும். ஒரே விதைக்குள்ளேயே மூன்று மூட்டை ஏறி இறங்கும்போது, இரண்டு விதைகளுக்கு நடுவே உள்ள இரண்டு மூட்டையை வைத்து என்ன முடிவுக்கு வருவது?

மாறுபாட்டுப் பகுப்பாய்வு, அதாவது கல்லூரிகளில் அனோவா என்று சொல்லப்படும் முறை, இந்தக் கேள்விக்குப் போட்ட கணக்குதான். அது வயலில்தான் பிறந்தது. ரொனால்டு ஃபிஷர் 1919-இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வினிஃப்ரெட் மெக்கன்சியோடு சேர்ந்து உருளைக்கிழங்கு ரகங்களையும் உரங்களையும் ஒப்பிட்டு 1923-இல் எழுதிய கட்டுரையில் இந்த முறை வந்தது. 1925-இல் வந்த அவருடைய புத்தகம் அதை உலகெங்கும் கொண்டுபோனது. இந்தியாவில் பான்சேயும் சுகாத்மேயும் வேளாண் ஊழியர்களுக்காக 1954-இல் எழுதிய நூல் வழியாக அது நம் ஆராய்ச்சிப் பண்ணைகளில் பரவியது. இன்றைக்கு ஒரு பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில், அது வேப்பந்தட்டையில் இருப்பதாகவே இருக்கட்டும், ஒரு ரகத்தை ஒரே பாத்தியில் போட்டுப் பார்த்து ‘முதலிடம்’ என்று யாரும் அறிவிப்பதில்லை. ஒவ்வொரு ரகத்தையும் நாலைந்து இடத்தில் திரும்பத் திரும்பப் போடுவார்கள். ரகங்களுக்கு நடுவே உள்ள சிதறல் எவ்வளவு, ஒரே ரகத்துக்குள் உள்ள சிதறல் எவ்வளவு என்று தனித்தனியாகப் பிரிப்பார்கள். முதலாவதை இரண்டாவதால் வகுப்பார்கள். அந்த விகிதம் போதிய அளவு பெரிதாக இருந்தால்தான் வாயைத் திறப்பார்கள். பருத்திச் செடிக்குக் காட்டும் இந்த மரியாதையைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாம் காட்டுவதில்லை.

பட்டியலுக்கு வருவோம். 2023 பத்தாம் வகுப்பில் பெரம்பலூர் 97.67, இரண்டாமிடம் வந்த சிவகங்கை 97.53. வித்தியாசம் 0.14 புள்ளி. பெரம்பலூர் சிறிய மாவட்டம். அங்கே எட்டாயிரம் பேர் எழுதினார்கள் என்று வைத்துக்கொண்டால், அந்த 0.14 என்பது பதினோரு பிள்ளைகள். தேர்வு நாளன்று இன்னும் பன்னிரண்டு பேர் காய்ச்சலோடு எழுதித் தவறியிருந்தால் பட்டாசு சிவகங்கையில் வெடித்திருக்கும். எட்டாயிரம் பேர் எழுதும் இடத்தில், யாரும் எதையும் மாற்றாமலே, வெறும் தற்செயலால் தேர்ச்சி சதவீதம் 0.17 புள்ளி அளவுக்கு மேலும் கீழும் ஆடும். அது திட்டப் பிழைக் கணக்கு. இரண்டு மாவட்டங்களின் ஆட்டத்தையும் சேர்த்தால் 0.2-ஐத் தாண்டும். 0.14 அதற்குள் மூழ்கிவிடுகிறது. 2024 பிளஸ் டூவில் நிலைமை இன்னும் வேடிக்கை. திருப்பூர் 97.45, ஈரோடும் சிவகங்கையும் 97.42. நூற்றில் மூன்று பங்குப் புள்ளியில் ஒரு மாவட்டம் ‘மாநில முதலிடம்’, மற்ற இரண்டும் ‘பின்தங்கின’.

2022 முதல் 2025 வரை பத்தாம் வகுப்பில் முதலிடம் பிடித்தவை கன்னியாகுமரி, பெரம்பலூர், அரியலூர், சிவகங்கை. பிளஸ் டூவில் பெரம்பலூர், விருதுநகர், திருப்பூர், அரியலூர். நாலு வருடத்தில் ஒரு மாவட்டமும் ஒரே தேர்வில் இரண்டு முறை முதலிடத்தில் நிற்கவில்லை. கல்வித் தரம் என்பது கட்டடம், ஆசிரியர், வீட்டுச் சூழல், பழக்கம் எல்லாம் சேர்ந்து மெல்ல மாறும் சங்கதி; இசை நாற்காலிபோல வருடத்துக்கு வருடம் எழுந்து இடம் மாறி உட்காராது. மாறிக்கொண்டே இருப்பது எதுவோ, அதற்குத் தரம் என்று பெயர் வைக்க முடியாது.

அரியலூரின் 2025 பிளஸ் டூ வெற்றியை மட்டும் தற்செயல் என்று தள்ள மாட்டேன். இரண்டாமிடம் வந்த ஈரோட்டைவிட 0.84 புள்ளி மேலே. இது சும்மா வருவதில்லை. யாரோ எங்கோ உழைத்திருக்கிறார்கள். ஆனால் அதே வருடம் பத்தாம் வகுப்பில் முதல் மூன்று இடம் சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி. அரியலூர் அதில் இல்லை. அதே மாவட்டம், அதே அதிகாரிகள், பெரும்பாலும் அதே பள்ளிக் கட்டடங்கள். ‘மாவட்டக் கல்வி’ என்று ஒன்று முழுமையாக இருக்குமானால் அது பிளஸ் டூ அறையில் மட்டும் ஏன் உட்கார்ந்திருந்தது?

இங்கே விவரம் தெரிந்த ஒருவர் குறுக்கிடலாம். ‘இது மாதிரிக் கணக்கெடுப்பு இல்லையே, எழுதிய எல்லோரையும் எண்ணிவிட்டார்களே, பிறகு எதற்குத் தற்செயல், திட்டப் பிழை?’ நியாயமான கேள்வி. இந்த வருடம் எந்த மாவட்டத்தில் சதவீதம் அதிகம் என்று மட்டும் கேட்டால், 97.67 பெரியது, 97.53 சிறியது, அதோடு முடிந்தது. அனோவாவும் வேண்டாம், நானும் வேண்டாம். ஆனால் யாரும் அதோடு நிறுத்துவதில்லையே. இங்கே நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள், இந்த முறையை மற்ற மாவட்டமும் பின்பற்ற வேண்டும் என்று காரணத்துக்குத் தாவுகிறார்கள். காரணம் பேசத் தொடங்கிய கணமே இந்த வருடத்துப் பிள்ளைகள், வந்திருக்கக்கூடிய பல தொகுதிகளில் ஒரு தொகுதி ஆகிவிடுகிறார்கள்.

சரி, முதல் இரண்டு இடத்தை விடுங்கள், முழுப் பட்டியலையும் எடுத்துக்கொள்வோம். 2024 பத்தாம் வகுப்பில் மேலே அரியலூர் 97.31, அடியில் வேலூர் 82.07, மாநிலம் 91.55. பதினைந்து புள்ளி இடைவெளி. இதைக் காட்டி, மாவட்டம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு மாவட்டத்தின் எண்ணும் தெரிய வேண்டியதில்லை. ராஜேந்திர பாட்டியா என்ற இந்தியக் கணிதவியலாளரும் சாண்ட்லர் டேவிஸும் 2000-இல் தந்த ஓர் எளிய எல்லை இருக்கிறது. ஒரு தொகுப்பின் உச்சத்துக்கும் சராசரிக்கும் உள்ள தூரத்தை, சராசரிக்கும் அடிக்கும் உள்ள தூரத்தால் பெருக்குங்கள். மாறுபாடு அதைத் தாண்டவே முடியாது. 97.31-இல் 91.55 போனால் 5.76. 91.55-இல் 82.07 போனால் 9.48. பெருக்கினால் 54.6. தேர்ச்சி, தோல்வி என்ற இரண்டே விளைவு உள்ள கணக்கில் மாணவர்களுக்கிடையே உள்ள மொத்த மாறுபாடு 91.55 பெருக்கல் 8.45, அதாவது சுமார் 773.6. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 7 சதவீதம்.

அந்த 7-ம் உச்சபட்சம். எல்லா மாவட்டமும் ஒன்று அரியலூராகவோ அல்லது வேலூராகவோ இருந்து, நடுவில் ஒருவருமே இல்லாவிட்டால்தான் அது வரும். உண்மையில் பெரும்பாலான மாவட்டங்கள் நடுவில்தான் நிற்கின்றன. பங்கு இன்னும் குறையும். ஆக ஒரு பிள்ளை தேறுவதும் தவறுவதும் என்ற மாறுபாட்டில் குறைந்தது 93 பங்கு, மாவட்டங்களுக்கு உள்ளேயே இருக்கிறது. ஒரே மாவட்டத்தின் பள்ளிக்கும் பள்ளிக்கும், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில். நாம் செய்திகளையும் கூட்டங்களையும் பாராட்டையும் மெமோவையும் செலவழிப்பது அந்த 7-க்குள் இருக்கும் ஏதோ ஒரு துண்டின் மேல்.

தேர்ச்சி, தோல்வி என்று இரண்டாகப் பிரிக்கும் கணக்கில் உட்பங்கு எப்போதும் பெரிதாகத்தான் தெரியும் என்பதை நான் மறைக்கவில்லை. பட்டியலின் அடியில் இருப்பவர்களுக்கு அந்தச் சின்னப் பங்கு உயிர் போகிற விஷயம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். 82 வாங்கிய மாவட்டத்தில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் தவறியிருக்கிறார்கள். அதைத் தற்செயல் என்று யாரும் சொல்ல முடியாது, அங்கே ஆளும் பணமும் போக வேண்டும். பட்டியலால் பயன் உண்டென்றால் அதை அடியிலிருந்து படிப்பதில்தான் உண்டு. நாம் தலையிலிருந்து படிக்கிறோம்.

இன்னொரு கூட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இவர்கள் படித்தவர்கள். பட்டியலைப் பார்த்து ஏமாற மாட்டார்கள். ‘நாங்கள் அனோவா போட்டுவிட்டோம், பி மதிப்பு 0.05-க்குக் கீழே, மாவட்டங்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கிறது, நிரூபணமாகிவிட்டது’ என்பார்கள். பி.எட்., எம்.எட்., முனைவர் பட்ட ஆய்வேடுகளில் இந்த ஒரு வாக்கியம் அச்சடித்ததுபோல வரும். ஆண் ஆசிரியர், பெண் ஆசிரியர், நகரம், கிராமம், இந்த மாவட்டம், அந்த மாவட்டம். மென்பொருளில் எண்களைக் கொட்டினால் அது ஒரு அட்டவணையைத் துப்பும். அதில் நட்சத்திரக் குறி விழுந்தால் ஓர் அத்தியாயம் முடிந்தது.

2024-இல் பத்தாம் வகுப்புத் தேர்வெழுதியவர்கள் சுமார் 8.94 லட்சம். 38 மாவட்டம். இத்தனை பேர் இருந்தால் மாவட்டத்தின் பங்கு ஆயிரத்தில் ஒன்றாக இருந்தாலும் எஃப் மதிப்பு, அதாவது மேலே சொன்ன சிதறல்களின் விகிதம், 24-ஐத் தொடும். தாண்ட வேண்டிய எல்லையோ 1.4 சொச்சம். ஆக, அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஏறக்குறைய எதை வைத்துப் பிரித்தாலும் நட்சத்திரம் விழும். பெயரின் முதலெழுத்தை வைத்துப் பிரித்தால்கூட விழுந்தாலும் விழும். பெயரில் சாதியும் மதமும் ஊரும் கொஞ்சம் கலந்திருக்கின்றனவே. வேறுபாடு பூச்சியமா என்ற கேள்விக்குத்தான் பி மதிப்பு பதில் சொல்கிறது. எவ்வளவு வேறுபாடு, அதைப் பற்றிக் கவலைப்படலாமா என்பதற்கு அது பதில் சொல்லாது. 0.05 என்பதும் வானத்திலிருந்து விழுந்த எல்லை இல்லை. வசதிக்காக ஃபிஷர் எடுத்துக்கொண்ட ஒரு வழக்கம்.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மாணவரையும் தனித்தனி சாட்சியாக அந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. ஒரே வகுப்பில் உட்கார்ந்த நாற்பது பேருக்கு ஒரே கணக்கு ஆசிரியர். அவர் ஜூன் மாதத்தில் மாற்றலாகிப் போய், பதிலுக்கு ஆள் டிசம்பரில் வந்தால், நாற்பது பேரும் சேர்ந்தே தடுமாறுவார்கள். அவர்கள் நாற்பது சாட்சிகள் ஆக மாட்டார்கள், ஒன்றிரண்டுதான். வயலில் ஒரே பாத்தியின் ஆயிரம் செடிகளை ஆயிரம் சோதனை என்று எண்ணக் கூடாது, அது ஒரு பாத்தி என்பது வேளாண் கல்லூரியில் முதல் வருடத்துப் பாடம். மாவட்டங்களை ஒப்பிட வேண்டுமானால் எண்ண வேண்டிய அலகு பள்ளி. அப்படி எண்ணினால் எட்டாயிரம் என்பது சில நூறுக்குள் சுருங்கிவிடும். நான் மேலே சொன்ன 0.17 புள்ளி ஆட்டமும் அதற்கேற்ப இன்னும் அகலும். அதாவது முதலிடங்கள் இன்னும் ஆட்டங்காணும்.

குழுக்களை ஒப்பிடுமுன் குழு என்பது ஏதோ ஓர் அர்த்தமுள்ள பிரிவாக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை உண்டு. பெரம்பலூரும் அரியலூரும் 1995 வரை திருச்சி மாவட்டம். அந்த வருடம் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. 2001 ஜனவரியில் அரியலூர் அதிலிருந்து பிரிந்தது. 2002-இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பரில் மறுபடி பிரித்தார்கள். செந்துறைப் பக்கத்துப் பிள்ளை இந்தக் கோடுகள் ஒவ்வொன்றும் நகரும்போது தன் வீட்டுத் திண்ணையிலேயேதான் உட்கார்ந்திருந்தது. இன்றைய அரியலூருக்குள் எத்தனை அரியலூர் இருக்கின்றன என்று பாருங்கள். கொள்ளிடக் கரையில் திருமானூர், தா.பழூர் நெல் வயல்கள். ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் முந்திரிக் காடுகள். அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புச் சுரங்கமும் சிமென்ட் ஆலைகளும். முந்திரி எடுக்கும் காலத்தில் பிள்ளை பள்ளிக்கு வராமல் போவதும், ஆலைக் குடியிருப்பிலிருந்து பேருந்தில் பள்ளிக்குப் போவதும் ஒரே சராசரிக்குள் கரைக்கப்படுகின்றன. செந்துறைக்கும் குன்னத்துக்கும் நடுவே மாவட்ட எல்லை ஓடுகிறது. இரண்டு பக்கமும் அதே மானாவாரிக் காடு. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் இரண்டு போட்டி அணிகளாக்கியது ஓர் அரசாணை.

இதற்கு எதிராக ஒரு பிரிவை வைத்துப் பாருங்கள். பத்தாம் வகுப்பில் 2023-இல் மாணவியர் 94.66, மாணவர்கள் 88.16. 2024-இல் 94.53, 88.58. 2025-இல் 95.88, 91.74. வருடம் எதுவானாலும் பெண் பிள்ளைகள் மேலே. இடைவெளி குறைகிறது, ஆனால் திசை மாறவில்லை. திரும்பத் திரும்ப ஒரே பக்கம் சாயும் வேறுபாடுதான் பேசத் தகுந்த வேறுபாடு. ஆண் பிள்ளைகள் பதினைந்து வயதில் எங்கே போகிறார்கள் என்ற கேள்விக்காக எந்தத் தொலைக்காட்சியும் அடிவரி ஓட்டியதாக நினைவில்லை.

எங்கே போகிறார்கள் என்பதிலிருந்துதான் பட்டியலின் மிக மோசமான கோளாறு தொடங்குகிறது. தேர்ச்சி சதவீதத்தின் வகுக்கும் எண், தேர்வு எழுதியவர்கள். எழுத வராதவர் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கு மாநிலம் முழுவதும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வரவில்லை. அன்றைக்கு அது செய்தியாயிற்று. மே மாதம் சதவீதம் வந்தபோது அவர்கள் காணாமல் போனார்கள். பட்டியலில் ஏற இரண்டு வழி உண்டு: தவறக்கூடிய பிள்ளையைத் தேற வைக்கலாம், அல்லது தவறக்கூடிய பிள்ளை எழுதாமல் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது வழி எளிது. ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி. வாங்கிக்கொண்டு போகச் சொல்வதும், தனித்தேர்வராக எழுதிக்கொள் என்பதும் ‘செண்டம்’ துரத்தும் பள்ளிகளில் நடக்கிறது என்பது பெற்றோர் பலருக்குத் தெரியும். எந்த ஒரு மாவட்டமும் அப்படிச் செய்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் செய்பவருக்கும் உழைப்பவருக்கும் ஒரே பரிசு தரும் அளவுகோலை வைத்திருக்கிறோம் என்கிறேன். எந்த அனோவாவாலும் இதைச் சரிசெய்ய முடியாது. அட்டவணைக்குள் வராத பிள்ளையை அது அறியாது.

போட்டி இருந்தால்தான் வேலை நடக்கும், பட்டியலை எடுத்துவிட்டால் யாரும் கவலைப்பட மாட்டார்கள் என்பது கடைசி வாதம். போட்டியால் வேலை நடக்கிறது, மறுக்கவில்லை. எந்த வேலை என்பதுதான் கேள்வி. 97-க்கும் 98-க்கும் நடுவே போட்டி வைத்தால், தேறுவாரா மாட்டாரா என்ற விளிம்பில் நிற்கும் நாலு பேரை உட்காரவைத்து மூன்று மாதம் ஒரு மதிப்பெண் கேள்வியையே உருப்போட வைப்பார்கள். எண்பது வாங்குகிறவரைத் தொண்ணூறுக்குக் கொண்டுபோவதிலோ, ஆறாம் வகுப்பிலேயே வாசிக்கத் தடுமாறுகிறவரைத் தூக்கிவிடுவதிலோ பட்டியலுக்கு லாபமில்லை.

வேறு மாதிரி வெளியிட முடியாதா என்றால், முடியும். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் தமிழ்நாட்டின் ஒவ்வொரு பள்ளிப் பிள்ளைக்கும் ஓர் எண் இருக்கிறது. 2023 ஜூனில் ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் 2025-இல் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதித் தேறினார்கள் என்று ஒன்றியவாரியாக எடுக்கலாம். அரியலூர், திருமானூர், செந்துறை, ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், தா.பழூர் என்று ஆறு ஒன்றியம். பெரம்பலூர், வேப்பந்தட்டை, வேப்பூர், ஆலத்தூர் என்று நாலு. பத்து வரிசைதான். ஒவ்வொன்றுக்கும் நேராக, அந்த ஒன்றியத்தின் சிறந்த பள்ளிக்கும் கடைசிப் பள்ளிக்கும் நடுவே எத்தனை புள்ளி இடைவெளி, அந்தக் கடைசிப் பள்ளியில் எத்தனை ஆசிரியர் பணியிடம் காலி என்று இன்னும் இரண்டு கட்டம். முதன்மைக் கல்வி அலுவலரின் மீளாய்வுக் கூட்டத்துக்கு இந்த ஒரு தாள் போதும். அதில் மாவட்டத்தின் இடம் எத்தனையாவது என்று எழுதக் கட்டம் கிடையாது.